ஹிஸ்பானிக் ஆண்களின் இறப்பு விகிதம்: குடியேறியவருக்கும் அமெரிக்காவில் பிறந்தவருக்கும் ஏன் இந்த இடைவெளி?

அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிக் ஆண்களில், வேறு நாட்டில் பிறந்து குடியேறியவர்களின் இறப்பு விகிதம் அங்கேயே பிறந்தவர்களின் விகிதத்தைவிடக் குறைவு. குடியேறியவருக்குப் பள்ளிப்படிப்பு குறைவு, கூலி குறைவு, பலருக்கு மருத்துவக் காப்பீடே கிடையாது. அப்படியிருந்தும் அவர் நீண்டகாலம் வாழ்கிறார். அவருடைய மகனுக்கு அந்த அனுகூலம் கிடைப்பதில்லை. பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களும் மருத்துவச் செய்தி எழுதுபவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

'ஹிஸ்பானிக்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் தன் வேர் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எவரையும். மெக்சிகோ, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவு, கியூபா, டொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்க, தென் அமெரிக்க நாடுகள், ஸ்பெயின் எல்லாம் இதில் அடக்கம். போர்ச்சுகீசிய மொழி பேசும் பிரேசில் சேராது. இது இனம் அல்ல; வெள்ளையர், கறுப்பர், பழங்குடி என எந்த இனத்தவரும் ஹிஸ்பானிக்காக இருக்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.21 கோடிப் பேர் இப்படிப் பதிவானார்கள். மொத்த மக்கள்தொகையில் 18.7 சதவீதம்.

இத்தனை கோடிப் பேரை ஒரே எண்ணுக்குள் அடைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு. எந்த ஆய்வைப் படித்தாலும், எந்த நாட்டு வேர், எங்கே பிறந்தவர் என்ற இரண்டையும் பிரித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

'ஹிஸ்பானிக் முரண்' என்ற பெயர் எப்படி வந்தது?

1986-இல் கிரியாகோஸ் மார்க்கிடிஸ், ஜெனீன் கோரீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் தென்மேற்கு மாநில ஹிஸ்பானிக் மக்களின் உடல்நலத்தை அலசினார்கள். வறுமையில் கறுப்பின மக்களை ஒட்டி இருந்த இவர்கள், இறப்பு விகிதத்தில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை (இனி வெறும் 'வெள்ளையர்') ஒட்டி இருந்தார்கள். பணம் குறைந்தால் ஆயுளும் குறையும் என்ற பொதுவிதிக்கு இது ஒத்துவரவில்லை. அதனால் 'முரண்' என்றார்கள்.

வித்தியாசம் எவ்வளவு?

முதலில் மொத்தக் கணக்கு. அமெரிக்க அரசு ஹிஸ்பானிக் மக்களுக்கென்று முதன்முதலாக ஆயுள் அட்டவணை வெளியிட்டது 2010-இல். அது 2006-ஆம் ஆண்டுக்கானது. அதன்படி ஹிஸ்பானிக் ஆண்களின் சராசரி ஆயுள் 77.9 ஆண்டுகள், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளை ஆண்களுக்கு 75.6, கறுப்பின ஆண்களுக்கு 69.2. பிறகு 2013-இல் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று, ஹிஸ்பானிக் மக்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 17.5 சதவீதம் குறைவு என்றது.

ஆனால் ஆண்டுதோறும் வரும் இந்த ஆயுள் அட்டவணைகள் பிறந்த இடத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு 2004-இல் வந்தது. அனுகூலம் இருப்பது மெக்சிகோவில் பிறந்தவர்களுக்கும், கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ அல்லாத பிற நாடுகளில் பிறந்தவர்களுக்கும் மட்டும்தான் என்று அது காட்டியது. 45 வயதில் அது 5 முதல் 8 ஆண்டுகள் கூடுதல் ஆயுளுக்குச் சமம். அமெரிக்காவில் பிறந்த ஹிஸ்பானிக் மக்களிடம் அப்படி ஓர் அனுகூலம் தெரியவில்லை. 25 முதல் 44 வயதுக்காரர்களைத் தனியே பார்த்த ஆய்வுகளிலும் இதே போக்குதான்: குடியேறியவர்கள் வெள்ளையரைவிடக் கீழே, உள்நாட்டில் பிறந்தவர்கள் மேலே.

நேரடியாக இறப்பு எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்தால் போதாதா?

போதாது, பதில் தலைகீழாகவே வந்துவிடும். அமெரிக்காவில் பிறந்த ஹிஸ்பானிக் மக்களில் இளவயதினர் மிக அதிகம். குடியேறியவர்கள் பெரும்பாலும் நடுவயதினர்.

கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை உண்மைத் தரவு அல்ல. குடியேறிய ஆண்கள் 1,00,000 பேர்: 25–44 வயதில் 50,000 பேர், அவர்களில் 60 சாவு, 45–64 வயதில் 50,000 பேர், 250 சாவு. மொத்தம் 310. உள்நாட்டில் பிறந்தவர்களும் 1,00,000 பேர்: இளையவர்கள் 80,000, சாவு 160, மூத்தவர்கள் 20,000, சாவு 140. மொத்தம் 300. மேலோட்டமாகப் பார்த்தால் உள்நாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் சாவு குறைவு.

இப்போது வயதுவாரியாகப் பாருங்கள். இளையவர்களில் லட்சத்துக்கு 120-க்கு எதிராக 200. மூத்தவர்களில் 500-க்கு எதிராக 700. இரண்டு வயதிலும் குடியேறியவர்களுக்கே குறைவு! இரு தரப்புக்கும் ஒரே வயதுப் பங்கீட்டை, 60-க்கு 40 என்று வைத்துக்கொண்டால், குடியேறியவர்களுக்கு 0.6×120 + 0.4×500 = 272; மற்றவர்களுக்கு 0.6×200 + 0.4×700 = 400. விகிதம் 0.68. வயதைச் சீராக்காத எந்தத் தலைப்புச் செய்தியையும் நம்பாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நோய் முற்றியதும் ஊர் திரும்பிவிடுகிறார்கள், அதனால்தான் கணக்கில் வருவதில்லை என்கிறார்களே?

இதற்குச் 'சால்மன் சாய்வு' என்று பெயர். கடலில் திரியும் சால்மன் மீன் முட்டையிட்டுச் சாகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதுபோலக் கடைசிக் காலத்தில் மெக்சிகோவுக்குத் திரும்பும் மனிதர்.

இது கணக்கை எப்படிக் கெடுக்கிறது என்பதை நுணுக்கமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆய்வுகள் பெரும்பாலும் ஒருவரிடம் ஒருமுறை பேட்டி எடுத்து, பிறகு அவர் பெயர் அமெரிக்காவின் தேசிய இறப்புப் பதிவேட்டில் வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கின்றன. 1979 முதலான அந்தப் பதிவேட்டில் மெக்சிகோவில் நடந்த சாவு ஏறாது. பேட்டி கொடுத்தவர் 62 வயதில் சொந்த ஊரில் கண்மூடியிருப்பார். கோப்பில் அவருக்கு 70 ஆகும், 85 ஆகும், 100 ஆகும். புள்ளிவிவரச் சிரஞ்சீவி. 100 சாவில் 15 இப்படித் தப்பினாலே விகிதம் 15 சதவீதம் குறைந்து தெரியும். வயது கூடக் கூட இந்தச் சிரஞ்சீவிகள் சேர்ந்துகொண்டே போவதால், முதிய வயதில் பிழை இன்னும் பெரிதாகும். 80 வயதுக்கு மேல் குடியேறியவர்களின் இறப்பு விகிதம் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சரி, இதுவே முழுக் காரணமா? இல்லை. மூன்று வழிகளில் சோதித்திருக்கிறார்கள். 1999-இல் வந்த ஆய்வு, அரசியல் தடையால் ஊர் திரும்ப முடியாத கியூபர்களையும், ஊர் திரும்பினாலும் சாவு அமெரிக்கப் பதிவேட்டிலேயே ஏறிவிடும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களையும் எடுத்துக்கொண்டது. மேலே சொன்ன 2004 ஆய்வு இவர்களிடம் அனுகூலம் காணவில்லை என்றாலும், இந்த ஆய்வில் இருவரிடமும் இறப்பு குறைவாகவே இருந்தது. 2008-இல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்தார்கள். ஓய்வூதியம் எந்த நாட்டில் வாங்கினாலும் சாவு பதிவாகிவிடும் என்பதுதான் அதன் பலம். உடல்நலம் கெட்டவர்கள் திரும்புவது உண்மை, ஆனால் மொத்த இடைவெளியை விளக்கும் அளவுக்கு அது இல்லை என்று தெரிந்தது. மூன்றாவது சோதனை கைக்குழந்தைகள். பிறந்த முதல் நாளிலும் முதல் வாரத்திலும் எந்தக் குழந்தையும் நாடு திரும்பப் போவதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் இறப்பு அந்த நாட்களிலும் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் ஆரோக்கியமானவர்கள்தான் குடிபெயர்கிறார்கள் என்பது காரணமா?

ஓரளவு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெடிக்கலில் ஃபிட் ஆனால்தான் விசா. உடம்பு முடியாமல் போனால் ஊருக்கு டிக்கெட். எல்லையைக் கால்நடையாகக் கடப்பவருக்கு மருத்துவப் பரிசோதனை யாரும் வைப்பதில்லை, ஆனால் அந்தப் பயணமே ஒரு பரிசோதனை.

ஆனால் மெக்சிகோவில் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, அமெரிக்கா போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2008-இல் வந்தபோது, போனவர்கள் கூடுதல் ஆரோக்கியமானவர்கள் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆகவே வடிகட்டல் நடக்கிறது, ஆனால் பலர் நினைப்பதுபோல் அவ்வளவு கறாரான வடிகட்டல் அல்ல.

பிறகு எதுதான் பெரிய காரணம்?

சிகரெட். எங்கள் பார்வையில் இந்த முழு விவாதத்திலும் மிகக் குறைவாகப் பேசப்படும், மிக அதிகம் விளக்கும் ஒரே விஷயம் இதுதான். 50 வயதுக்கு மேல் ஹிஸ்பானிக் மக்களுக்கும் வெள்ளையருக்கும் உள்ள ஆயுள் இடைவெளியில் பாதிக்கும் மேல் புகைப்பழக்க வேறுபாட்டால் வருவது என்று 2010-களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள் கணக்கிட்டன.

மெக்சிகோவிலிருந்து வந்த ஆண்களில் புகைப்பவர்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறார்கள். ஆனால் பலர் தினமும் பிடிப்பதில்லை; பிடித்தாலும் நாளுக்குச் சில சிகரெட்டுகள்தான். வெள்ளையர் தலைமுறைகளில் சாதாரணமாக இருந்த 'நாளுக்கு ஒரு பாக்கெட்' பழக்கம் அவர்களிடம் பரவவே இல்லை. அதனால் நுரையீரல் புற்றுநோயும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் குறைவு, மாரடைப்பிலும் ஒரு பங்கு குறைவு.

ஆய்வுப் படிவத்தில் 'புகைப்பவரா: ஆம், இல்லை' என்று மட்டும் கேட்டால் இது மறைந்துபோகும். நாளுக்கு மூன்று பிடிப்பவரும் இருபது பிடிப்பவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். பிறகு, 'புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்தும் இடைவெளி குறையவில்லை' என்று முடிவு எழுதுவார்கள். எண்ணிக்கையையும் எத்தனை ஆண்டுகள் என்பதையும் கேட்ட ஆய்வா என்று பார்த்தபிறகே அந்த முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழில் ஹிஸ்பானிக்கா இல்லையா என்பதைத் தவறாக எழுதிவிடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்கிறார். சான்றிதழில் அவரால் சொல்ல முடியாது. சாவுக்கான காரணத்தை மருத்துவர் எழுதுவார். வயது, தொழில், பிறந்த இடம், ஹிஸ்பானிக்கா இல்லையா என்பதையெல்லாம் நிரப்புவது இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் ஆள். அவர் குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கத் தயங்கி, பெயரையும் முகத்தையும் பார்த்துக் கட்டத்தில் குறி போட்டுவிடுவதும் நடக்கும். இறந்தவரின் குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயராக இருந்தால் 'ஹிஸ்பானிக் அல்ல' என்று விழுந்துவிடும்.

இப்படி ஹிஸ்பானிக் சாவுகளில் 3 முதல் 5 சதவீதம் தவறான இடத்துக்குப் போகிறது. மொத்த அனுகூலத்தையும் இது விளக்காது. ஆனால் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். தவறாகப் பதிவாவது குடியேறியவர்களைவிட அமெரிக்காவில் பிறந்தவர்களிடம் அதிகம். அப்படியென்றால் உள்நாட்டில் பிறந்தவர்களின் சாவுதான் கூடுதலாகக் காணாமல் போகிறது. உண்மையான இடைவெளி சான்றிதழ் காட்டுவதைவிடப் பெரியதாகவே இருக்கும். இன்னொரு பக்கம், ஆவணமில்லாமல் வாழ்பவர்கள் கணக்கெடுப்பில் விடுபடுவதால் குடியேறியவர்களின் வகுஎண் சிறுத்து, அவர்களின் விகிதம் கூடித் தெரியும். 'தரவில் பிழை இருக்கிறது' என்று சொல்லி நிறுத்தக் கூடாது. எந்தத் திசையில் என்றும் சொல்ல வேண்டும்.

குடியேறியவர்கள் எதிலாவது அதிகம் சாகிறார்களா?

ஆம், வேலையிடத்தில். 2022-இல் அமெரிக்காவில் பணியிடக் காயங்களால் இறந்த ஹிஸ்பானிக் தொழிலாளர்கள் 1,248 பேர். அவர்களில் 792 பேர், அதாவது 63.5 சதவீதம், வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்த 792-இல் 316 பேர் கட்டுமானத் தொழிலில் இறந்தவர்கள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கட்டுமானத்தில் 6 அடி அல்லது அதற்கு மேல் உயரத்தில் வேலை என்றால் விழாமல் தடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். 5 அடி அல்லது அதற்கு மேல் ஆழமான குழிக்குள் ஆள் இறங்கினால், பாறை நிலமாக இல்லாதவரை, மண் சரியாமல் பக்கவாட்டுத் தாங்கல் வேண்டும். வீட்டுக் கூரையில் ஓடு மாற்றும் ஒப்பந்தக்காரரின் வண்டியில் உடலோடு பூட்டும் பாதுகாப்புப் பட்டை கிடக்கும். கயிற்றைக் கட்ட உச்சியில் கொக்கி அடித்திருக்க மாட்டார்கள். கொக்கி இல்லாத பட்டையை உடுத்தினாலும் பயன் இல்லை. விதிகளை ஆங்கிலத்தில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தொழிலாளிக்குப் புரியும் மொழியில்தான் பயிற்சி தர வேண்டும் என்பதும் விதிதான். ஆவணம் இல்லாதவர் இதையெல்லாம் தட்டிக் கேட்டால் வேலையே போகும். இந்தச் சாவுகள் ஒவ்வொன்றும் தடுக்கக்கூடியவை. 'குடியேறியவர்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள்' என்ற சராசரியின் நிழலில் இவர்கள் மறைக்கப்படுவதை ஏற்க முடியாது.

காசநோய், வயிற்றுப் புற்றுநோய் போன்ற, பிறந்த நாட்டிலேயே தொற்றிய கிருமிகளால் வரும் நோய்களும் குடியேறியவர்களிடம் கூடுதல்.

மகன் தலைமுறையில் அனுகூலம் ஏன் கரைகிறது?

நான்கைந்து காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புகைப்பழக்கம் கூடுகிறது. போதைமருந்து அளவு மீறிய சாவுகள், துப்பாக்கிச் சாவுகள், குடியாலும் கொழுப்பாலும் வரும் கல்லீரல் நோய் ஆகியவை அமெரிக்காவில் பிறந்த ஆண்களிடம் அதிகம். கல்லீரல் புற்றுநோயும் குடியேறிய ஆண்களைவிட இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆனால் 'அமெரிக்க வாழ்க்கை கெடுத்துவிட்டது' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். தந்தை வடிகட்டப்பட்டு வந்தவர். மகனை யாரும் வடிகட்டவில்லை. எல்லாரையும்போல் பிறந்தவன் எல்லாரையும்போல் நோயுறுகிறான். அதில் ஒரு பகுதி சீரழிவே அல்ல, சராசரிக்குத் திரும்புவது.

இன்னொன்று பலர் கண்ணுக்குப் படாதது. மூன்றாம் தலைமுறையில் நன்றாகப் படித்து, வேறு சமூகத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகள் பலர் தங்களை ஹிஸ்பானிக் என்றே சொல்லிக்கொள்வதில்லை. வசதியானவர்கள் பட்டியலிலிருந்து நழுவ, மிஞ்சுபவர்களின் சராசரி தாழ்கிறது.

படிப்பின் விளைவும் வேறுபடுகிறது. அமெரிக்காவில் பிறந்த ஆண்களில் படிப்பு குறையக் குறைய இறப்பு ஏறும். குடியேறியவர்களிடம் அந்தச் சரிவு மிக மென்மையானது. எனவே படிப்புக் குறைந்த ஆண்களிடையே ஒப்பிட்டால்தான் இடைவெளி மிகப் பெரிதாகத் தெரியும்.

எல்லா நாட்டவருக்கும் இது பொருந்துமா?

இல்லை. புவேர்ட்டோ ரிக்கோ ஆண்கள் பெரிய விலக்கு. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்; விமானச் சீட்டு இருந்தால் போதும், விசா வேண்டாம். அதனால் வடிகட்டல் குறைவு. போதாததற்கு, ஹிஸ்பானிக் ஆண்களில் அதிகம் புகைப்பவர்கள் இவர்களும் கியூபர்களும்தான். டொமினிக்கன் ஆண்களிடம் மிகக் குறைவு. பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,415 ஹிஸ்பானிக் மக்களை வைத்து 2008-இல் தொடங்கிய பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

பெண்களிடமும் இதே நிலையா?

போக்கு அதேதான். ஆனால் துப்பாக்கி, போதைமருந்து, பணியிட விபத்து ஆகியவை இளம் ஆண்களையே அதிகம் கொல்வதால், ஆண்களைத் தனியே பார்ப்பது அவசியம்.

கோவிட் காலத்தில் என்ன ஆனது?

அனுகூலம் ஏறக்குறைய அழிந்துபோனது. 2019-இல் ஹிஸ்பானிக் மக்களின் சராசரி ஆயுள் 81.9, 2020-இல் 77.9. ஒரே ஆண்டில் நான்கு ஆண்டுகள் போயின. ஆண்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். இறைச்சி பதப்படுத்தும் ஆலை, வயல், சமையலறை, கட்டட வேலை எதையும் வீட்டிலிருந்து செய்ய முடியாது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. காய்ச்சல் என்றாலும் விடுப்புச் சம்பளம் இல்லை. 2022-இல் ஆயுள் 80.0-க்கும் 2023-இல் 81.3-க்கும் மீண்டது. சிகரெட் பிடிக்காத நுரையீரல் தரும் பாதுகாப்பு, தொற்றுக்கு நேரே நிற்க வைக்கும் வேலையிடத்தில் காப்பாற்றாது என்பது தெரிந்துபோனது.

நானே தரவை எடுத்து ஆராய விரும்புகிறேன். எங்கே சறுக்கும்?

அமெரிக்க தேசிய உடல்நல நேர்காணல் கணக்கெடுப்பை இறப்புப் பதிவேட்டோடு இணைத்த கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 1986 முதல் 2018 வரை பேட்டி எடுக்கப்பட்டவர்கள், 2019 இறுதி வரை நடந்த சாவுகள் அதில் உண்டு. வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. இணைப்புக்குத் தகுதியில்லாதவர்களை முதலில் நீக்குங்கள். பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போன்றவை போதாதவர்களை இணைக்க முடியாது. அவர்களை 'உயிரோடு இருப்பவர்' என்று வைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. இப்படி நீக்கப்படுவோரில் குடியேறியவர்கள் அதிகம் என்பதால், தகுதிக்கேற்பத் திருத்திய எடையை (ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்ணை) பயன்படுத்துங்கள்.

2. காலத்தைப் பேட்டி நாளிலிருந்து எண்ணாமல் வயதையே காலக்கோடாக வையுங்கள்.

3. ஆண், பெண் தனித்தனி. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, பிற நாடுகள் தனித்தனி. பிறந்த இடம் தனி. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவரைக் கோப்பு எப்படிக் குறிக்கிறது என்று குறியீட்டு நூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. முதல் புள்ளியியல் மாதிரியில் (model) வயது மட்டும். அடுத்ததில் படிப்பும் வருமானமும். புகைப்பழக்கத்தைத் தனியே கடைசியில் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் எது இடைவெளியை மாற்றியது என்றே தெரியாது.

5. 65 வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்து மறுபடி ஓட்டுங்கள். அனுகூலம் முதியவர்களிடம் மட்டும் தெரிந்தால் சிரஞ்சீவிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவருக்கு இதில் என்ன பயன்?

'நீங்கள் ஹிஸ்பானிக்' என்பதோடு கேள்வியை நிறுத்தாமல், எங்கே பிறந்தீர்கள், எத்தனை வயதில் வந்தீர்கள், நாளுக்கு எத்தனை சிகரெட், கூரை வேலையா, வயல் வேலையா என்று கேட்கலாம். குறைந்த இறப்பு விகிதம் நீரிழிவிலிருந்து காப்பதில்லை. நீரிழிவும் சிறுநீரக நோயும் கல்லீரல் நோயும் ஹிஸ்பானிக் மக்களிடம் வெள்ளையரைவிட அதிகம். காப்பீடு இல்லாதவர் பரிசோதனைக்கே வராததால் பலருக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. உடல் எடை கூடுதலாக உள்ள 35 முதல் 70 வயதுக்காரர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்வது அமெரிக்கப் பரிந்துரை. கூலி வேலை செய்பவர் ஒருமுறை வந்தால் அடுத்து எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே வெறும் வயிற்றில் மறுபடி வரச் சொல்லாமல், சாப்பிட்டிருந்தாலும் எடுக்கக்கூடிய, கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை அன்றே எடுத்துவிடுவது நல்லது. அளவு 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் இன்னொரு பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வயலில் வேலை செய்பவரானால் வெயிலில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். கலிஃபோர்னியா விதிப்படி அது ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்.